காசில் ஒரு முகம், பதக்கத்தில் ஒரு முகம்

அன்புள்ள ஐயா,

பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் பலையோலோகஸின் வெள்ளிக்காசையும், இத்தாலிய ஓவியர் பிசானெல்லோ செய்த அவருடைய பதக்கத்தையும் படங்களில் அருகருகே பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள் என்று நம்ப முடியவில்லை. காசில் இருப்பது சிறுபிள்ளை கிறுக்கியது போல இருக்கிறது. அங்கே அப்போது நல்ல கலைஞர்களே இல்லையா?

ரா.

அன்புள்ள ரா.,

இருந்தார்கள். அவருடைய தம்பி ஆண்ட, கிரேக்க நாட்டின் மிஸ்ட்ராஸ் நகரில், பந்தனாஸா மடாலயச் சுவர்களில் 1430ஐ ஒட்டித் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் நிறங்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழாது.

காசின் வேலைப்பாடு கரடுமுரடானது என்பது சரிதான். கஜானா வறண்டு, 1350களிலேயே தங்கக்காசு அடிப்பது நின்றுவிட்டது. மிஞ்சியது ஸ்டாவ்ரட்டோன் என்ற வெள்ளிக்காசு. ஆனால் நல்ல கைகள் கிடைத்திருந்தாலும் அதில் யோவானின் சாயல் வந்திருக்காது. ஒரு பக்கம் கிறிஸ்து. மறுபக்கம் நேராக நம்மைப் பார்க்கும் தாடி, கிரீடம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். அவருடைய அப்பா மனுவேலின் காசும் இப்படித்தான். சுற்றியுள்ள எழுத்தைப் படித்துத்தான் யார் என்று பிரிக்க வேண்டும். காசு காட்டியது பதவியை. அந்த ஒளிவட்டமும் பதவிக்குரியதுதான்.

பதக்கத்தின் கதை வேறு. துருக்கியருக்கு எதிராக உதவி தேடி, கிழக்கு மேற்குத் திருச்சபைகளை இணைக்கும் சங்கத்துக்காக, அதாவது இரு திருச்சபைத் தலைவர்களின் பேரவைக்காக, யோவான் 1438இல் இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். பிசானெல்லோ அவரை நேரில் பார்த்துக் கோட்டோவியங்கள் வரைந்தார். சில பாரிஸின் லூவரிலும் சிகாகோவிலும் இருக்கின்றன. அவற்றிலிருந்து வந்ததுதான் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள இந்த வார்ப்புப் பதக்கம். செலவழிக்கும் பணம் அல்ல, கையில் வைத்துப் பார்க்கும் பொருள். பக்கவாட்டு முகம், கூரிய தாடி, முன்னால் நீண்ட விளிம்புள்ள உயரத் தொப்பி. ஒளிவட்டம் இல்லை.

நீங்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது பின்பக்கம்தான். வேட்டைக்குப் போகும் கோலத்தில் யோவான் வழியோரச் சிலுவையின் முன் குதிரையை நிறுத்திக் கைகூப்புகிறார். அருகில் ஒரு பணியாள், அவன் குதிரையின் பின்புறம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. வேட்டை என்றால் யோவானுக்கு உயிர். சங்கம் இழுபட்ட மாதங்களில் அவர் காட்டிலேயே கிடந்தார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஃபெராராவின் பிரபு சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. கிறிஸ்துவோடு ஒரே காசைப் பகிர்ந்த பேரரசர், இங்கே எல்லா வழிப்போக்கர்களையும் போல நின்று கும்பிடுகிறார். அந்தக் கூப்பிய கைகளில் நான் அவரை நம்புகிறேன்.

1439 ஜூலையில் இணைப்பு அறிவிக்கப்பட்டது. ஊரில் மக்கள் அதை ஏற்கவில்லை. 1448இல் யோவான் இறந்தார், 1453இல் அவருடைய தலைநகரான கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தது. அப்புறம் இத்தாலியின் அரெஸ்ஸோவில் ஒரு தேவாலயச் சுவரில் ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா அந்த நகரத்தை நிறுவிய பேரரசர் கான்ஸ்டன்டைனை வரைந்தபோது, அவர் தலையில் வைத்தது யோவானின் தொப்பியை.