ரிப்போர்ட் வருவதற்குள் ஊசி போட்டது தப்பா?

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். ஆவணியில் கார் நெல்லுக்கு மருந்தடிக்கப் போன என் மாமனார் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெயில்தான் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தோம். வாந்தி நிற்கவில்லை. எச்சில் வழிந்தது, நெஞ்சு சளி கட்டிய மாதிரி இரைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார், சட்டையை முகர்ந்து பார்த்தார், உடனே ஊசி போட ஆரம்பித்துவிட்டார். ரத்தம் எடுத்த ரிப்போர்ட் மறுநாள்தான் வந்தது. அதற்குள் மாமா துணியைப் பிய்த்துக்கொண்டு உளற ஆரம்பித்தார். மூன்றாம் நாள் கழுத்தைத் தூக்க முடியாமல் போய், வென்டிலேட்டரில் வைத்தார்கள். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. என்ன விஷம் என்றே தெரியாமல் வைத்தியம் பார்த்தார்களா? ‘குடித்தாரா, குடித்தாரா’ என்று எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டது எதற்கு? வீட்டில் சுகர், பிரஷர் என்று ஏகப்பட்ட மாத்திரை சாப்பிடும் ஆச்சி இருக்கிறார். அவருக்கு மாத்திரை கூடிப்போனால் எப்படித் தெரியும்? மாமா மறுபடி மருந்தடிக்கப் போகலாமா?

பதில்: உங்கள் மாமா பிழைத்து எழுந்தாரே, முதலில் அதற்குச் சந்தோஷம். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால்தான் தப்பாகியிருக்கும்.

நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்துகளில் பல ஆர்கனோபாஸ்பரஸ் வகை. நம் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரந்துதான் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் உத்தரவு போடுகின்றன. வேலை முடிந்ததும் அதைச் சிதைத்துவிட கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் மடையை அடைக்க ஆளில்லாத வாய்க்கால் கதைதான். எச்சில், கண்ணீர், வியர்வை, மூச்சுக்குழாய்ச் சளி எல்லாம் பெருகும். வயிறு போகும், சிறுநீர் தன்னால் போகும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். நாடி மெதுவாகும். தோலுக்கு அடியில் தசைகள் தன்பாட்டில் துடிக்கும். இத்தனையும் ஒரே ஆளிடம் ஒன்றாகத் தெரிந்தால் அதற்கு வேறு காரணங்கள் மிகக் குறைவு. வெயிலில் சுருண்டவருக்கு உடம்பு கொதிக்கும், உளறல் இருக்கும். ஆனால் கண்மணி இப்படிச் சுருங்காது, வாயில் எச்சில் ஒழுகாது. டார்ச் அடித்தது அதைப் பார்க்கத்தான். சட்டையை முகர்ந்ததும் அப்படித்தான். இந்த வகை மருந்துகளில் பூண்டு மாதிரியோ மண்ணெண்ணெய் மாதிரியோ ஒரு வாடை வரும்.

விஷ வைத்தியத்தில் டாக்டர்கள் முதலில் தேடுவது விஷத்தின் பெயரை அல்ல, உடம்பு காட்டும் அறிகுறிக் கூட்டத்தை. கண்மணி, தோல் ஈரமா வறட்சியா, நாடி, மூச்சின் வேகம், உடல் சூடு, புத்தித் தெளிவு இவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே விஷம் எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஊமத்தங்காயைக் கடித்த பிள்ளைக்கு எல்லாமே நேர்மாறு: கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, தோல் சிவந்து சுடும். அபின் வகை மருந்து கூடிப்போனவருக்குக் கண்மணி சுருங்கியிருக்கும், ஆனால் இந்தச் சளியும் எச்சிலும் இருக்காது; மூச்சுதான் படுத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஊசியையே சோதனையாகவும் வைத்துக்கொள்வார்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபினைச் சின்ன அளவில் போட்டதுமே நாடி குதித்து, கண்மணி விரிந்து, வாய் உலர்ந்தால் கடுமையான ஆர்கனோபாஸ்பரஸ் விஷமாக இருக்க வாய்ப்புக் குறைவு. போட்டும் அசையவில்லை என்றால் நினைத்தது சரி. பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போவார்கள். நெஞ்சில் இரைச்சல் அடங்கி, அக்குள் உலர்ந்து, நாடி 80-ஐத் தாண்டும்வரை.

அந்த ரத்தப் பரிசோதனை கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்ப்பது. உறுதிப்படுத்த உதவும். ஆனால் இயல்பான அளவே ஆளுக்கு ஆள் வேறுபடும், கல்லீரல் கெட்டவருக்கு விஷம் இல்லாமலே குறைந்திருக்கும். சினிமாவில் காட்டுவது போல ஒரு துளி ரத்தத்தில் விஷத்தின் பெயர் வந்து விழும் மெஷின் எந்த ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியிலும் கிடையாது. சிறுநீரில் பார்க்கும் உடனடிச் சோதனை அட்டைகள் கஞ்சா, அபின், சில தூக்க மாத்திரைகள் என்று ஒருசில வகைகளுக்குத்தான். பூச்சிமருந்து அதில் தெரியாது. இரைப்பையைக் கழுவிய நீரைப் போலீஸ் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்குக்காக. அன்றைய வைத்தியத்துக்கு அது கைகொடுக்காது.

மாமா உளறியது, துணியைப் பிய்த்தது: அநேகமாக அட்ரோபின் சற்றுக் கூடியதால் வந்தது. ஊமத்தையில் இருப்பதும் அதே குடும்பத்துச் சரக்குதான். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். அதைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். நுரையீரலில் சளி நிரம்பி மூச்சு முட்டுவதைவிட ஒருநாள் உளறல் எவ்வளவோ மேல். கழுத்தைத் தூக்க முடியாமல் போனது வேறு விஷயம். முதல் கண்டத்தைத் தாண்டியவர்களில் சிலருக்கு 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, மூச்சுத் தசைகள் தளர்ந்துபோகும். இதை அட்ரோபின் தடுக்காது. ‘நல்லாத்தானே பேசுதாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்று இரண்டாம் நாளே எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பாரே, அது இதைப் பிடிக்கத்தான்.

‘குடித்தாரா’ என்று கேட்டது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது. புரிகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காத டாக்டரை நம்பாதீர்கள். தோல் வழியாக ஏறியதென்றால் துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது முதல் வேலை. வயிற்றுக்குள் போனதென்றால் அளவு பலமடங்கு, கண்காணிப்பும் அதற்கேற்ப. தனித்தனியாகக் கேட்பது, மாமியார் முன்னால் மருமகளும் அண்ணன் முன்னால் தம்பியும் சொல்லத் தயங்குவதைக் காதில் வாங்கத்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ‘பாயசம் சாப்பிட்டது ஒத்துக்கல’ என்று சொல்பவர்கள் உண்டு. விஷம் என்றால் ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தெரிவிப்பது நடைமுறை. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. உங்கள் வீட்டில் அப்படி இல்லை. படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்பட்டால், மனம் விட்டுப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது.

வயலிலிருந்து ஓடிவரும்போது டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், காலி டப்பாவாக இருந்தாலும். பிராண்டு பெயரைவிட, கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர் முக்கியம். நச்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதும் உதவும். உப்புத் தண்ணி, சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்தில் அடிக்கடி தடம் மாற்றுவது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியலில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்தால் ராத்திரிச் சாப்பாட்டைச் சந்தேகிப்போம். இமை கனத்து மூடினால், பேச்சு குழறினால், கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அது கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகும்.

இனி ஆச்சி. சுகர் மாத்திரை சாப்பிடுகிற வயசாளி திடீரென்று வியர்த்து, பிதற்றி, மயங்கினால் முதலில் செய்ய வேண்டியது குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்ப்பது. காலையில் போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கலாம். நினைவு இருந்தால் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வெகுநேரம் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாராசிட்டமால் கூடிப்போவதில் ஆபத்து வேறு மாதிரி: முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார், கல்லீரல் கெடுவது பிறகுதான் வெளியே தெரியும். ரத்தத்தில் அளவு பார்த்து முடிவெடுக்க முடிகிற சில மருந்துகளில் இது ஒன்று. விழுங்கி நான்கு மணி நேரம் ஆன பிறகு எடுத்த ரத்தம் வேண்டும். மாற்று மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும். ஆகையால் எத்தனை மணிக்கு என்பதை ஊகித்தாவது சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் எல்லார் அட்டைகளையும், குப்பையில் கிடப்பது உட்பட, ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். கடையில் வாங்கிய தேதியும் மீதியும் தெரிந்தால் அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

மாமா மருந்தடிக்கப் போவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். முடங்கிய நொதியை உடம்பு புதிதாக உண்டாக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் கொஞ்சம் பட்டாலும் முன்னைவிட வேகமாகத் தாக்கும். கோலினெஸ்டெரேஸை மறுபடி பார்த்து டாக்டர் சொன்ன பிறகு யோசிக்கலாம், அதுவும் கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி. அன்றைக்கு உடுத்தியிருந்த சட்டையும் சாரமும் இன்னும் வீட்டில் கிடந்தால் மற்ற துணிகளோடு ஊறப்போடாதீர்கள், எறிந்துவிடுங்கள்.