பாஸ்வேர்டு சரிதான், உள்ளே மட்டும் விடவில்லை: ஸ்மார்ட்போன் கேள்வி-பதில்

இந்த முறை சிங்க் (போனில் உள்ளதும் ஆன்லைன் கணக்கில் உள்ளதும் ஒத்துப்போவது), லாகின் சிக்கல்கள் மட்டும். எல்லாப் பதில்களுக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போனில் எதையும் அழிப்பதற்கு முன், அதே கணக்கைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோளாறு போனில்தான். அங்கேயும் இல்லையென்றால் போனை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பலன் கிடைக்காது. மெனுக்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் உச்சியில் உள்ள தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள்.

ஜிமெயிலைத் திறந்து திரையைக் கீழே இழுத்தால்தான் புது மெயில் வருகிறது. தானாக வருவதில்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். இழுத்தவுடன் மெயில் வருகிறது என்றாலே பாஸ்வேர்டும் லாகினும் நலமாக இருக்கின்றன. ஆப் திரையில் இல்லாத நேரத்தில் அதை ஓடவிடாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் பேட்டரி சேவர் மேல். அது ஆனில் இருக்கும்வரை ஆண்ட்ராய்டு பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்து செட்டிங்ஸ், ஆப்ஸ், ஜிமெயில், பேட்டரி என்று போங்கள். அங்கே 'ரெஸ்ட்ரிக்டட்' என்றிருந்தால் 'ஆப்டிமைஸ்டு' ஆக்குங்கள், அதுவும் போதவில்லையென்றால் 'அன்ரெஸ்ட்ரிக்டட்'. வைஃபையில் மெயில் வந்து மொபைல் டேட்டாவில் மட்டும் வரவில்லையென்றால் டேட்டா சேவரோ, அதே ஆப் பக்கத்தில் அணைத்து வைத்த 'பேக்ரவுண்ட் டேட்டா'வோதான் காரணம். ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஓர் அனுமதி உண்டு. அதையும் பாருங்கள்.

பிறகு இரண்டு சுவிட்சுகள். அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் ஆப் டேட்டாவைத் தானாக சிங்க் செய்யும் சுவிட்ச் ஒன்று. ஜிமெயில் ஆப்புக்குள், செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டால் வரும் 'சிங்க் ஜிமெயில்' இன்னொன்று. இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

'அக்கவுன்ட் ஆக்‌ஷன் ரிக்வயர்டு' என்ற அறிவிப்பு போகவே மாட்டேன் என்கிறது. சரியான பாஸ்வேர்டு போட்டாலும் சற்று நேரத்தில் திரும்ப வருகிறது.

போன் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. முதல் லாகினின்போது சர்வர் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்றது) கொடுக்கிறது. அதன்பின் மெயில், காலண்டர், பிளே ஸ்டோர் எல்லாம் அதைக் காட்டித்தான் உள்ளே போகின்றன. நீங்கள் வேறொரு கருவியில் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய டோக்கன் செல்லாமல் போகும். அப்போது இந்த அறிவிப்பு ஒரு முறை வருவது இயல்பு. திரும்பத் திரும்ப வந்தால், புது டோக்கனை வாங்குவதிலோ வைத்துக்கொள்வதிலோ தடங்கல் இருக்கிறது.

முதலில் தேதி, நேரம். போன் முழுக்கச் சார்ஜ் இறங்கிக் கிடந்து எழும்போது சில சமயம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போனின் தேதி அந்த இடைவெளிக்கு வெளியே இருந்தால் இணைப்பே ஏற்படாது, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கட்டத்துக்கே போகாது. தேதி, நேரம், டைம் ஜோன் மூன்றையும் தானியங்கியில் வையுங்கள்.

அடுத்து விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது), விளம்பரத் தடுப்பு ஆப், 'பிரைவேட் டிஎன்எஸ்' (இணையதளப் பெயர்களைத் தேடித்தரும் சர்வரைக் குறிப்பிடும் செட்டிங்). மூன்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயலுங்கள். பிரைவேட் டிஎன்எஸ் பெட்டியில் எப்போதோ எழுதிய ஒரு முகவரி இப்போது வேலை செய்யாமல் போயிருந்தால் இணையமே இல்லாததுபோல ஆப்கள் நடந்துகொள்ளும்.

லாகின் பக்கம் வெறும் வெள்ளைத் திரையாக நிற்கிறதா? அந்தப் பக்கத்தைத் திறப்பது 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற உறுப்பு. பிளே ஸ்டோரில் அதையும் குரோமையும் அப்டேட் செய்யுங்கள்.

இதற்கும் அசையவில்லையென்றால் 'கூகுள் பிளே சர்வீசஸ்', 'கூகுள் பிளே ஸ்டோர்' இரண்டுக்கும் ஸ்டோரேஜ் பக்கத்தில் 'கிளியர் கேஷ்' (தற்காலிக ஃபைல்களை அழிப்பது) கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதனால் எந்த இழப்பும் இல்லை. பிளே ஸ்டோரில் 'ஆர்எச்-01' போன்ற எர்ரர் வருகிறவர்களுக்கும் முதல் மருந்து இதுதான். பக்கத்திலேயே உள்ள 'கிளியர் டேட்டா' அப்படியல்ல. பிளே சர்வீசஸில் அதை அழுத்தினால் டேப் செய்து பணம் கட்டும் கார்டுகளை மறுபடி சேர்க்க வேண்டிவரலாம்.

கடைசியாகத்தான் கணக்கை நீக்கிச் சேர்ப்பது. நீக்கினால் கிளவுடில் இருப்பது அழியாது. ஆனால் இன்னும் மேலே ஏறாதது போய்விடும்: அவுட்பாக்ஸில் நிற்கும் மெயில், நெட் இல்லாதபோது எழுதிய டிராஃப்ட், சிங்க் ஆகாத தொடர்பு எண்கள். பிரவுசரில் அவை தெரிகின்றனவா என்று பார்த்தபிறகே நீக்குங்கள்.

புதுப் போனில் கணக்கைச் சேர்த்தேன். எண்களில் பாதிதான் வந்தது. மீதி எங்கே போயிருக்கும்?

பெரும்பாலும் எங்கும் போகவில்லை, பழைய போனிலேயே இருக்கின்றன. ஒரு எண்ணைச் சேமிக்கும்போது அது போகக்கூடிய இடங்கள் மூன்று: கூகுள் கணக்கு, போன், சிம். பட்டியலில் மூன்றும் கலந்து ஒன்றாகத் தெரிவதால் வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை. கூகுள் கணக்கில் சேர்ந்தவை மட்டுமே சிங்க் ஆகும்.

பழைய போனில் கூகுள் கான்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்து, வராத ஓர் எண்ணைத் தொட்டுப் பாருங்கள். எங்கே சேமிக்கப்பட்டது என்று அதிலேயே தெரியும். 'டிவைஸ்' என்று இருந்தால், அந்த ஆப்பின் செட்டிங்ஸில் போனில் உள்ள எண்களையும் கணக்கோடு சிங்க் செய்யும் வசதியை ஆன் செய்யுங்கள். சிம்மில் இருப்பவற்றுக்கு இறக்குமதி வசதி தனியாக உண்டு. முடித்ததும், இனிமேல் புது எண் சேமிக்கும் இடமாகக் கூகுள் கணக்கையே தேர்ந்து வையுங்கள். ஐபோனில் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால் கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் அக்கவுன்ட்' என்ற வரி இதற்காகத்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 'கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ்' என்ற சிஸ்டம் ஆப்பின் டேட்டாவை அழித்தால் சிங்க் சரியாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். போனில் மட்டும் இருக்கும் எண்கள் குடியிருப்பதே அங்கேதான். அழித்தால் அவை திரும்ப வரா. 'காலண்டர் ஸ்டோரேஜ்' விஷயமும் இதே.

எண்கள் உண்மையிலேயே கூகுள் கணக்கில் இருந்து அழிந்திருந்தால், பிரவுசரில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் 'டிராஷ்' பாருங்கள், 30 நாள் இருக்கும். அதே பக்கத்தின் செட்டிங்ஸில் உள்ள 'அன்டூ சேஞ்சஸ்' முழுப் பட்டியலையும் கடந்த 30 நாளுக்குள் நீங்கள் சொல்லும் நேரத்துக்குக் கொண்டுபோகும். அந்த நேரத்துக்குப் பிறகு சேர்த்த எண்கள் இதில் போய்விடும் என்பதால், முதலில் இப்போதைய பட்டியலை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

ஆதென்டிகேட்டர் ஆப் லாகினுக்காகக் காட்டும் 6 இலக்கக் கோடு ஒவ்வொரு முறையும் தவறு என்கிறது. போனில் மணி சரியாகத்தான் காட்டுகிறது.

அந்தக் கோடு ரகசியச் சாவியையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். கணக்குக்கு எடுத்துக்கொள்வது உலக நேரமான யுடிசியை. டைம் ஜோன் தவறாக இருந்து, முள்ளை மட்டும் கையால் திருத்தி வைத்திருந்தால், திரையில் மணி சரியாகவே தெரியும். உள்ளுக்குள் யுடிசி மணிக்கணக்கில் பிசகியிருக்கும். தானியங்கி நேரத்தையும் தானியங்கி டைம் ஜோனையும் ஆன் செய்தால் அடுத்த கோடே வேலை செய்யும்.

நேரம் சரியாக இருந்தும் ஏற்கவில்லையென்றால், ஒரே கணக்குக்கு ஆப்பில் இரண்டு வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். டூ-ஸ்டெப்பை (பாஸ்வேர்டோடு இரண்டாவது சான்றும் கேட்கும் லாகின்) மறுபடி அமைத்தவர்களிடம் பழைய சாவியின் வரியும் தங்கியிருக்கும். புது வரி வேலை செய்கிறது என்று உறுதியானபிறகு பழையதை நீக்குங்கள்.

எனக்கு மெயில் அனுப்பினால் திரும்பி வந்துவிடுகிறதாம். சிங்க் பிரச்சினையா?

பெரும்பாலும் கணக்கில் இடம் தீர்ந்துபோனதுதான் காரணம். கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும், சில பழைய பிக்சல் போன்கள் தவிர, இதில் கணக்காகின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதற்குள்தான். ஆகவே மெயில்களை ஒவ்வொன்றாக அழித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்டோரேஜ் மேனேஜர் பக்கம் பெரிய ஃபைல்களை வரிசைப்படுத்திக் காட்டும், அங்கே ஆரம்பியுங்கள். ஜிமெயில், டிரைவ் டிராஷைக் காலி செய்தால்தான் இடம் விடுபடும். எண் குறைய ஒரு நாள்வரை ஆகலாம். போட்டோஸ் ஆப்பில் அழித்தால் படம் கிளவுடிலிருந்தும் போனிலிருந்தும் சேர்ந்தே போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

வேறொரு மெயில் ஆப்பில் ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது 'பாஸ்வேர்டு தவறு' என்கிறது. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது.

வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு நுழையும் ஆப்களைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே கணக்கைச் சேர்க்கும்போது 'மற்றவை' அல்லது 'ஐமேப்' என்பதைத் தேர்வு செய்யாமல் 'கூகுள்' என்பதையே தொடுங்கள். கூகுளின் சொந்த லாகின் பக்கம் திறந்து அனுமதி கேட்கும். அந்த வசதி இல்லாத ஆப் என்றால் டூ-ஸ்டெப்பை ஆன் செய்துவிட்டு 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்கி அதைப் போடுங்கள். ஐமேப் (மெயில் பெற) போர்ட் 993, எஸ்எம்டிபி (மெயில் அனுப்ப) 465 அல்லது 587. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் ரத்தாகிவிடும், புதிதாக எடுக்க வேண்டும். அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் இந்த ஆப் பாஸ்வேர்டு வழியும் கிடையாது. மைக்ரோசாஃப்டின் லாகின் பக்கத்தைத் திறக்கத் தெரிந்த ஆப்தான் வேண்டும்.

ஐபோனில் 'வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' என்று வருகிறது. கணக்கிலிருந்து சைன் அவுட் செய்யலாம் என்றால் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது.

இரண்டும் வெவ்வேறு. முதலாவதற்கு ஆப்பிளின் சிஸ்டம் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள், அவர்கள் பக்கமே கோளாறாக இருக்கலாம். இல்லையென்றால் விபிஎன்னை அணைத்து, தேதியைத் தானியங்கியில் வைத்து, வேறொரு நெட்வொர்க்கில் முயலுங்கள். இரண்டாவது கோளாறே அல்ல. ஐஓஎஸ் 17.3-இல் வந்த 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' ஆனில் இருந்தால், நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்துக்கு வெளியே இம்மாதிரி மாற்றங்களுக்கு ஒரு மணி நேரத் தாமதமும், இரண்டு முறை முகமோ விரலோ காட்டுவதும் கட்டாயம். வழக்கமான இடத்துக்குப் போய்ச் செய்யுங்கள். சைன் அவுட் செய்யும்போது தொடர்புகள், காலண்டரின் நகலைப் போனில் வைக்கவா என்று கேட்கும். வைக்கச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினேன். ரீசெட் செய்ததும் யாருடைய கூகுள் கணக்கையோ கேட்கிறது.

ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்த திருட்டுத் தடுப்பு இது. கணக்கை நீக்காமல் ரெக்கவரி (பட்டன்களை அழுத்தி ஆன் செய்யும்போது வரும் மெனு) வழியாக ரீசெட் செய்தால் பழைய கணக்கோ பழைய திரைப் பூட்டு எண்ணோ கேட்கும். விற்றவர்தான் லாகின் செய்து, கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக மறுபடி ரீசெட் செய்து தர வேண்டும். அவர் பாஸ்வேர்டை இப்போதுதான் மாற்றினார் என்றால் 24 மணி நேரம் பொறுத்து முயலச் சொல்லுங்கள். பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தொடாதீர்கள்.

பழைய நம்பர் கைவிட்டுப் போனது. ஓடிபி அதற்கே போகிறது. இனி கணக்கு கிடைக்குமா?

வாய்ப்பு இருக்கிறது, அவசரப்படாமல் இருந்தால். அந்தக் கணக்கு வேறு ஏதாவது போனிலோ லேப்டாப்பிலோ லாகினாகி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் எக்காரணம் கொண்டும் அதில் சைன் அவுட் செய்யாதீர்கள். அங்கிருந்தே ரெக்கவரி நம்பரை மாற்றலாம். மாற்றியபின்னும் 7 நாள்வரை கூகுள் பழைய நம்பரையே காட்டக்கூடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எதுவுமே லாகினில் இல்லையென்றால், முன்பு பயன்படுத்திய அதே கருவி, அதே பிரவுசர், அதே வைஃபையில் இருந்து கணக்கு மீட்புப் படிவத்தை நிரப்புங்கள். புதுப் போனிலிருந்து புது ஊரில் முயல்வது நிராகரிக்கப்படவே வாய்ப்பு அதிகம். கேள்விகளைத் தாண்டிப் போகாமல், பழைய பாஸ்வேர்டு நினைவில் உள்ளவரை எழுதுங்கள். அடுத்தடுத்து முயன்றால் சிஸ்டம் உங்களைச் சில நேரம் பூட்டிவைக்கும், இடைவெளி விட்டுச் செய்யுங்கள். காசு வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் ஓடிபியைக் கொடுத்துவிட்டால் இருக்கிற வாய்ப்பும் போகும்.

உள்ளே நுழைந்ததும் செக்யூரிட்டி பக்கத்தில் பேக்கப் கோடுகளை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். மொத்தம் 10, ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அந்தத் தாளைப் போனின் கவருக்குள் வைக்காதீர்கள்.

மிகப் பழைய ஆண்ட்ராய்டு போன். பாஸ்வேர்டு தவறு என்றே சொல்கிறது.

ஆண்ட்ராய்டு 2.3.7 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் லாகின் அதில் கிடையாது. சரிசெய்ய வழியில்லை. கான்டாக்ட்ஸ் மெனுவில் எண்களை மெமரி கார்டுக்கு எக்ஸ்போர்ட் செய்து, அப்படிக் கிடைக்கும் விசிஎஃப் (தொடர்பு எண்கள் அடங்கிய) ஃபைலைப் புதுப் போனில் திறந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.