டீச்சர் பதில்கள்: எண்ணிப் போட்ட மீன் துண்டு

கேள்வி: டீச்சர், அடிக்கடி பெண்ணியம் பற்றி எழுதுகிறீர்கள். பெண்களுக்குப் படிப்பு, வேலை, சொத்தில் பங்கு, டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் எல்லாம் வந்துவிட்டது. உள்ளாட்சியில் பாதி இடமே அவர்களுக்குத்தான். நானும் வீட்டில் மனைவிக்கு உதவி செய்கிறேன். இன்னும் என்ன குறை?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 'உதவி' என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்கள் கழுவினால் அது யாருக்கு உதவி?

எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில் இருந்தது. நாங்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, மூன்று அண்ணன்கள், நான். ஞாயிற்றுக்கிழமை கொடுவா வாங்கினால் அம்மா துண்டுகளை எண்ணித்தான் குழம்பில் போடுவார். தலை அப்பாவுக்கு. நடுத்துண்டு மூன்றும் அண்ணன்களுக்கு. வால் துண்டு எனக்கு. எல்லோரும் எழுந்த பிறகு அம்மா மண்சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மசாலாவோடு வழித்துப் பிசைந்து சாப்பிடுவார். அவருக்கு மீன் பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான். அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தார். முதல் வாரமே, அடுப்படி வாசலில் நின்றபடி, "கொடுவா தலை கிடைச்சா வாங்கிட்டு வாயேன்" என்றார். அப்போது அவருக்கு 66 வயது. முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார். நான் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். 31 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். ஆறு பேருக்கு ஐந்து துண்டு என்ற கணக்கு ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் அப்பா கெட்டவர் இல்லை, என்னைப் படிக்க வைத்ததே அவர்தான். யாரும் கெட்டவராக இல்லாமலே இது நடக்கும். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் போகிறது, ஓர் ஆணுக்கு 88 நிமிடம். ஒரு வேலையும் செய்யாத ஆண்களை விட்டுவிட்டு, செய்கிறவர்களை மட்டும் எடுத்தே இந்த 88. வித்தியாசம் 201 நிமிடம். அதை 365-ஆல் பெருக்கினால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 51 நாள். பகலும் இரவும் சேர்த்து 51 முழு நாள். உங்கள் மனைவியின் 51 நாள் எங்கே போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பாதி இடம். 2016-ல் சட்டம் வந்தது, சரி. 2020-ல் நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக இருந்த பட்டியலினப் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் போனதே, நினைவிருக்கிறதா? மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பெண் என்பதோடு சாதியும் சேர்ந்தால், தேர்தலில் ஜெயித்த நாற்காலிகூடக் கிடைப்பதில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடனுக்காக ஓரிடத்துக்குப் போயிருந்தேன். சம்பளம் என்னுடையது, மனையும் என் பெயரில். அந்த அதிகாரி எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடமே கேட்டார். வட்டிக் கணக்கில் ஒரு பிழை இருந்தது, சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "சார், மேடத்துக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிடுங்க" என்றார். பிழை பிழையாகவே இருந்தது. நான்தான் திரும்பப் போட்டுக் காட்டினேன்.

கேள்வி: தைரியமான பெண்ணை 'ஆம்பளை மாதிரி' என்று பாராட்டினால் என் மகள் கோபப்படுகிறாள். பாராட்டுதானே?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் மகள் பக்கம்தான் நான். உங்கள் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாளை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1927-ல் சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லிப் போராடிச் சிறை போனவர், 1937-ல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இன்னொரு முறை சிறையில் இருந்தபோது நிறைமாதம். வெளியே வந்து பிள்ளை பெற்றுவிட்டு, கைக்குழந்தையோடு திரும்பவும் சிறைக்குப் போனார். அந்தக் குழந்தைக்கு ஜெயில் வீரன் என்று பெயர். இதில் ஆம்பளை எங்கே வந்தார்?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார். "உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செஞ்சாச்சே" என்கிறார் அம்மா. போடாவிட்டால் பிறந்த வீடே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தீபாவளிக்குப் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்பது சின்ன ஆசை இல்லை. ஆனால் அந்த வாசலுக்கு உங்கள் அண்ணனிடம் யாரும் விலை கேட்கவில்லை என்பதையும் யோசியுங்கள். சீர் செய்தது கல்யாணச் செலவு, பங்கு என்பது வேறு.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆனது. 60 வருடம். மத்தியச் சட்டம் 2005-ல் வந்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. உங்கள் அப்பா தானாகச் சம்பாதித்த சொத்து என்றாலும், நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருகிறவர் என்றால், உயில் இல்லாதபோது அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் சம வாரிசுகள்.

பங்கை மனமார அண்ணனுக்கே கொடுக்க விரும்பினால் கொடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் எதைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதலில் வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுங்கள். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். பத்திரத்தின் வரைவை வாங்கிக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். அண்ணன் அவசரப்படுத்தினால், "படிச்சுட்டுப் போடறேன்ணா" என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரை அதில் பேனா வைக்காதீர்கள்.