ஓரத்தில் பேனாவால் எழுதிய 152/94

கேள்வி: எனக்கு 57 வயது. திண்டுக்கல்லில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதரை வரை கல்லாதான். பெங்களூரில் இருக்கும் மகன் வற்புறுத்தியதால் சென்ற மாதம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். எண்பதுக்கும் மேற்பட்ட டெஸ்ட், பதினாலு பக்க ரிப்போர்ட். வைட்டமின் டி 18, யூரிக் ஆசிட் 7.3, எச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி) 6.2, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 138 ஆகியவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். இசிஜி நார்மல். பிபி 152/94 என்று முதல் பக்க ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது. வெறும் வயிற்றில் வந்ததால் இருக்கும் என்று நர்ஸ் சொன்னார். தலைசுற்றல், படபடப்பு எதுவும் எனக்கு இல்லை. முழங்கால் வலி மட்டும் உண்டு. அதற்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன், வாரத்தில் நான்கு நாளாவது ஆகிவிடும். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். வைட்டமின் டிக்கு ஊசி போட வேண்டுமா? எனக்கு சுகர் வந்துவிட்டதா? சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிடு என்கிறார் நண்பர், எடுக்கலாமா? மனைவிக்கு 53 வயது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எந்த டெஸ்டுக்கும் வர மறுக்கிறார்.

பதில்: நான்கு நட்சத்திரக் குறிகளைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்த்தது குறி இல்லாத எண்ணை. பிபி லேப் மெஷினில் வருவதில்லை, அதனால் அதற்கு யாரும் குறி போடுவதில்லை. ஆனால் உங்கள் பதினாலு பக்கத்தில் இந்த வயதில் மிக முக்கியமான எண் அதுதான். வெறும் வயிற்றில் போனதால் பிபி இவ்வளவு ஏறாது. படியேறி வந்த உடனே பார்த்தார்கள், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், பேசிக்கொண்டே கையை நீட்டினீர்கள் என்றால் கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆகவே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் பாருங்கள்.

மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் மெஷினாக வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமன் என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும், சின்னப் பட்டை பிபியைக் கூட்டிக் காட்டும். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபி குடிப்பதற்கு முன், முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது, பாதம் தரையில் இருக்கட்டும். கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில். சட்டைக் கை மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவு படுக்கும் முன் மறுபடி இரண்டு முறை. இப்படி ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்குக் கீழே இருந்தால் எனக்கும் மகிழ்ச்சி, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம். இடையில் 180/120 மாதிரி வந்தால் மட்டும் ஏழு நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தலைசுற்றல் இல்லையே என்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இரும்புக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, துரு சத்தம் போட்டுக்கொண்டு பிடிப்பதில்லை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வரும்போதுதான் பலருக்கு பிபி இருந்ததே தெரிகிறது. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்தக் கொதிப்பு. உங்கள் தெருவில் கடை வைத்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் மூன்றில் ஒருவர்.

சரி, அந்த டைக்ளோஃபினாக். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக வந்தது, எனக்கோ அங்கேதான் கண் நின்றது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், வயிற்றில் புண் உண்டாக்கும், இதய நோய் ஆபத்தையும் கூட்டும். வாரத்துக்கு நான்கு நாள் என்பது 'எப்போதாவது' கணக்கில் வராது. இன்றே நிறுத்திப் பாருங்கள். பிபி கொஞ்சம் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. நாளை உங்களுக்கு டெல்மிசார்டன் போன்ற பிபி மாத்திரை எழுத நேர்ந்தால், அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்வது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. அதனால் டாக்டரைப் பார்க்கும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள். மெடிக்கலில் வாங்குவதை நிறையப் பேர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வலி பொறுக்க முடியாத நாளில் பாராசிட்டமால் போடலாம், மேலே தடவும் ஜெல் போடலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய கிரியாட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பாருங்கள். எண்பது டெஸ்ட் பேக்கேஜிலும் சில சமயம் இது இருக்காது.

முழங்காலுக்கு உண்மையான மருந்து தொடைத் தசை. நாற்பதைத் தாண்டியதும் தசை மெல்லக் கரைகிறது, பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், மனைவியைக் கைப்பேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்துவிட்டது என்று தசை இழப்புக்கான ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு சொல்கிறது. அதே எழுந்து உட்காருவதுதான் பயிற்சியும். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில் கடையிலேயே செய்யலாம், யாரும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படியில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, இவையும் சேரட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி. இது போக வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. பேச முடியும், பாட்டுப் பாட முடியாது என்கிற வேகம் இருக்க வேண்டும். நண்பரோடு அரட்டை அடித்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை போய் டீ குடித்துத் திரும்புவதை நான் நடைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து சுகர். எச்பிஏ1சி 6.5 தொட்டால்தான் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, நீங்கள் அதில் இருக்கிறீர்கள். எல்லைக்கோட்டில் இருப்பவர் எல்லாரும் தாண்டித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உங்களைப் போன்ற எல்லைக்கோட்டுக்காரர்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோய்க்குள் போனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான், மாத்திரை இன்றியே அதைப் பெறலாம்.

சாப்பாட்டை மாற்றுவது என்றதும் எல்லாரும் கேழ்வரகுக் கூழுக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் ஓடுகிறார்கள். மாவாக அரைத்துக் காய்ச்சிய கூழ் சுகரை வேகமாகத்தான் ஏற்றும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். தட்டில் சோற்றைக் காலாக்கி, பொரியல், கூட்டு, கீரையைப் பாதியாக்குங்கள். மீதிக் காலில் முட்டையோ மீனோ சுண்டலோ பயறோ இருக்கட்டும். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி என்று முடிகிற காலைச் சாப்பாட்டில் தசைக்கு வேண்டிய புரதம் ரொம்பக் குறைவு. இரண்டு இட்லி, கெட்டி சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றினால் போதும். கடை மூடி வந்து பத்தரை மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பதுதான் உங்கள் தொழிலில் பெரிய சிக்கல். ஏழரை மணிக்குக் கடைக்கே டிபன் பாக்ஸ் வரவழைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புச் சுற்றளவை, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். சமையலில் குறைப்பது கஷ்டம் என்றால் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, கடையில் கொறிக்கிற மிக்சர் இவற்றை முதலில் குறையுங்கள். பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டெல்மிசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

'பிபி மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாதாமே' என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். விட்டுப் போகாதது பிபி. மாத்திரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எடை குறைந்து, உப்பு குறைந்து, வலி மாத்திரையும் நின்றால் டோஸைக் குறைக்க முடிந்தவர்கள் உண்டு. ஆனால் அது டாக்டர் செய்ய வேண்டிய வேலை, நீங்களாக நிறுத்துவதில்லை. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வீங்கினால் வந்து சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றலாம். செலவு பற்றிக் கவலை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

இனி இதயம். அப்பா 52-ல் போனது முக்கியமான தகவல். தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல். அதோடு பிபி, எல்லைக்கோட்டு சுகர், எல்டிஎல் 138 என்று சேர்த்துப் பார்த்தால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் பேச வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்புக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்பவர்கள் பார்ப்பது நல்லது. வலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லாதபோது சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொல்ல மாட்டேன். ஸ்டாட்டின் போடலாமா வேண்டாமா என்று இழுபறியாக இருந்தால் இதய ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று காட்டும் கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் உதவும், அதில் மருந்து ஊசி கிடையாது, கதிர்வீச்சும் குறைவு. தினம் ஒரு ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

இசிஜி நார்மல் என்பதை வைத்துத் தைரியமாக இருக்க வேண்டாம். படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி அந்த நிமிடத்தை மட்டும்தான் காட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறதா? தாடை, இடது கை, மேல் வயிறு வலியோடு குப்பென்று வியர்க்கிறதா? சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து 'வாயு' போகக் காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. 108-ஐ அழையுங்கள். கிராமத்தில் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே முதல் டோஸ் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், அதைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

மற்ற குறிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வைட்டமின் டி 18-க்கு ஊசி தேவையில்லை. 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் சொல்கிற வாரங்களுக்கு, வாரம் ஒன்று. தினம் ஒன்று என்று தவறாகப் போட்டுக்கொண்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்கிறவர்கள் உண்டு, ஜாக்கிரதை. யூரிக் ஆசிட் 7.3, கட்டைவிரல் வீங்கிச் சிவக்கும் கௌட் வலி வந்ததில்லை என்றால் மாத்திரை வேண்டாம். ரிப்போர்ட்டில் இல்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் பீடா போடும் பழக்கம் இருந்தால், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும். அப்புறம், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் அதுவும் பிபி ஏறுவதற்கு ஒரு காரணம், தனியாகப் பார்க்க வேண்டும்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு பிபியும் கெட்ட கொழுப்பும் ஏறும், எலும்பு தேயும். எண்பது டெஸ்டுக்கு அவரை இழுத்துப் போக வேண்டாம். நீங்கள் வாங்கப்போகும் மெஷினிலேயே அவருக்கும் ஒரு வாரம் பிபி பாருங்கள். ஹீமோகுளோபின், எச்பிஏ1சி, தைராய்டு, கொழுப்பு, இவ்வளவுதான் ரத்தத்தில் பார்க்க வேண்டும். பிறகு மார்பகப் பரிசோதனை, கருப்பை வாய்க்கான பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் பெண் செவிலியர்களே இதைச் செய்கிறார்கள், கூச்சம் என்றால் அதைச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அவரிடம் நேராகக் கேளுங்கள்: மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா? ஒரு சொட்டு பட்டிருந்தாலும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.