வராத கிட்டும் வந்த கிட்டும்: பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கே: போயிங் 747-400 ரக விமானத்தின் கிட் (பாகங்களை ஒட்டி மாதிரி செய்யும் தொகுப்பு) 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, வராதா? பயணிகள் விமானம் என்றாலே பெரும்பாலும் 1/144-தானே?

ப: எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிஜ விமானத்தின் நீளம் சுமார் 70.6 மீட்டர். 1/144-ல் 49 செ.மீ., 1/72-ல் 98 செ.மீ. நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. பாகங்களை வார்க்கும் எஃகு அச்சும் அதற்கேற்பப் பெரிதாகும். நீண்ட, மெல்லிய பாகங்கள் ஆறும்போது முறுக்கிக்கொள்ளும் தொல்லை வேறு.

கே: நெடுநாள் தேடிய விமானம் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கப்படும் கிட்டாகக் கிடைத்தது. உடற்பகுதியின் இரு பாதிகளைப் பொருத்த முள்ளும் இல்லை, துளையும் இல்லை. என்ன செய்வது?

ப: 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் 5க்கு 10 மி.மீ. துண்டுகள் வெட்டுங்கள். 3 செ.மீ.க்கு ஒன்றாக, ஒன்று இந்தப் பாதியில், அடுத்தது அந்தப் பாதியில் என்று உட்புறம் ஒட்டுங்கள். துண்டின் பாதி அகலம் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அவை காய்ந்தபின் பாதிகளைச் சேர்த்து டேப் சுற்றி, மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் நீர்த்த பசை) தூரிகையால் இணைப்பில் தொடுங்கள். தானே உள்ளே ஓடும். டேப்பின் விளிம்பில் படவிடாதீர்கள், அடியில் ஊறிப் பரப்பைக் கரைத்துவிடும். ஒரு நாளாவது விட்டபின் தேயுங்கள். அவசரப்பட்டால் மென்மையாக இருக்கும் பிளாஸ்டிக் பின்னர் சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு கோடு குழியாகத் தெரியும்.

கே: முப்பரிமாண அச்சில் வந்த ரெசின் சக்கரம் ஒட்டவில்லையே?

ப: பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைக் கரைக்காது. சூப்பர் குளூ போடுங்கள். தேய்க்கும்போது தண்ணீரும் முகக்கவசமும் கட்டாயம்.