தூண்டல் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் மின்பொறியியலை விட வேண்டுமா?

உங்கள் மகள் உயர்நிலை 4 இயற்பியலில் மின்சுற்றுக் கணக்கெல்லாம் நன்றாகப் போடுகிறாள், மின்காந்தத் தூண்டல் வந்தால் மட்டும் சறுக்குகிறாள், அதனால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியலே வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை இப்போது எடுக்க விடாதீர்கள். முதலில் அவளுடைய விடைத்தாளைப் பாருங்கள்.

“காந்தம் சுருளுக்குள் போகிறது, ஆகவே மின்னோட்டம் வருகிறது” என்று எழுதியிருந்தால், நடுவில் உள்ள படிகள் விடுபட்டிருக்கின்றன. மதிப்பெண் அந்தப் படிகளுக்குத்தான். வட துருவம் நெருங்கும்போது சுருளோடு பிணைந்த ஃபிளக்ஸ், அதாவது சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, கூடுகிறது. ஃபிளக்ஸ் மாறுவதால் இஎம்எஃப் (மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்னழுத்தம்) தூண்டப்படுகிறது. சுற்று மூடியிருப்பதால் மின்னோட்டம் ஓடுகிறது. தூண்டப்பட்ட ஓட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி; அதன்படி, காந்தத்தைப் பார்த்திருக்கும் சுருள்முனை வட துருவமாகி அதைத் தள்ளுகிறது. சுற்று திறந்திருந்தால் இஎம்எஃப் உண்டு, மின்னோட்டம் கிடையாது. இதைப் பல பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

கையால் ஒருமுறை செய்து பார்த்தால் மனத்தில் நிற்கும். மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் எனாமல் பூசிய செம்புக்கம்பி, 50 மைக்ரோஆம்பியர் முள் மீட்டர், சின்ன நியோடிமியம் காந்தம் வாங்குங்கள். 2 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாயில் 300 சுற்று சுற்றட்டும். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்ட வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காந்தத்தை நுழைத்தால் முள் ஒரு பக்கம், இழுத்தால் மறுபக்கம் போகும். உள்ளே அசையாமல் வைத்தால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். காந்தம் உள்ளே இருந்தும் ஓட்டம் இல்லை என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். டிஜிட்டல் மீட்டர் வேண்டாம். எண் மாறுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும்.

மின்னாக்கி வரைபடத்தில் இன்னொரு இடறல். சுழலும் வேகத்தை இரட்டித்தால் உச்ச இஎம்எஃப் இரட்டிக்கும், அலைவு நேரமும் பாதியாகும். பாதிப் பேர் உயரத்தை மட்டும் மாற்றிவிட்டு விடுகிறார்கள்.

மின்சாரத்தைக் கம்பி வழியே தொலைவுக்கு அனுப்பும் கணக்கில் நடப்பது இதைவிடப் பெரிய பிழை. 10 கிலோவாட்டை 1,000 வோல்ட்டில், 2 ஓம் கம்பி வழியே அனுப்பினால் ஓட்டம் 10 ஆம்பியர், கம்பியில் இழப்பு (ஓட்டத்தின் வர்க்கம் × தடை) 200 வாட். 10,000 வோல்ட்டில் ஓட்டம் 1 ஆம்பியர், இழப்பு 2 வாட்தான். பிள்ளைகளோ 1,000 வோல்ட்டின் வர்க்கத்தை 2-ஆல் வகுத்து 500 கிலோவாட் இழப்பு என்று எழுதுகிறார்கள். அனுப்பியதே 10 கிலோவாட்! கம்பிக்குக் குறுக்கே விழுவது வெறும் 20 வோல்ட், முழு 1,000 அல்ல. இந்த ஒன்றை அவளே கண்டுபிடித்துச் சொன்னால், மின்பொறியாளருக்கு வேண்டிய புத்தி அவளிடம் இருக்கிறது என்பேன். சிங்கப்பூரில் 400 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் தடங்களில் வரும் மின்சாரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக வருவதும் இதே கணக்கினால்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மின்பொறியியலுக்கு ஆங்கிலம், கணிதம், தொடர்புடைய ஓர் அறிவியல் பாடம் ஆகியவை பார்க்கப்படும். ஒரே ஓர் அத்தியாயம் அவளைத் தடுக்காது. முதலாண்டில் மின்சுற்றும் மாறுதிசை மின்னோட்டமும் அடிப்படையிலிருந்தே தொடங்கும். நான் உண்மையில் கவலைப்படுவது கணிதத்தைப் பற்றித்தான். சைன் வரைபடமும் இயற்கணிதமும் தடுமாறினால் அங்கே சிரமம். துணைப்பாட வகுப்புக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் அதற்குச் செலவழியுங்கள்.

கல்லூரிகளின் திறந்த இல்ல நாளில் மின்மாற்றி, மோட்டார் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையம் எலெக்ட்ரிஷியன், தொழில்நுட்பர், பொறியாளர் என மூன்று படிகளில் மின்பணி உரிமம் தருகிறது. பட்டயப் படிப்பு முடித்தவருக்கு அதில் எந்தப் படி, எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று அங்குள்ள விரிவுரையாளரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.