ஒயர் இல்லாத விஆருக்குத் தனி ரூட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்ப்யூட்டரில் ஓடும் விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) கேமை ஒயர் இல்லாமல், தலையில் மாட்டும் ஹெட்செட்டில் விளையாடுவது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. காசு சேர்த்து ஹெட்செட் வாங்கியவர்கள், படம் திக்குகிறது, தலை சுற்றுகிறது என்று அதைத் திரும்பப் பெட்டியில் போட்டு அட்டத்தில் ஏற்றிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அண்ணா, வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. கம்ப்யூட்டரும் வைஃபையில்தான் இருக்கிறது. குவெஸ்ட் 2-ல் ஏர் லிங்க் போட்டு விளையாடினால் அடிக்கடி படம் உடைகிறது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா? (பென்னாகரம்)

மாற வேண்டாம், தம்பி. அந்தக் காசு வீண்.

ஏர் லிங்க் என்பது குவெஸ்ட் ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரோடு ஒயர் இல்லாமல் இணைக்கும் வசதி. கேம் ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமையும் வீடியோவாகச் சுருக்கி, ரூட்டர் வழியாக ஹெட்செட்டுக்கு அனுப்புகிறது. உங்கள் தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்ற தகவல் அதே வழியில் கம்ப்யூட்டருக்குத் திரும்புகிறது. எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிகிற காரியம். லாகின், அப்டேட், ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடுவது, இவற்றுக்குத்தான் இன்டர்நெட் வேண்டும்; படம் வருவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

யூடியூப் வீடியோ என்றால் சில விநாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. விஆரில் அது முடியாது, ஏனென்றால் நீங்கள் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று யாருக்கும் தெரியாது. 72 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 72 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 14 மில்லிவிநாடி, 90 ஹெர்ட்ஸில் 11. ஆகவே சராசரி வேகம் எவ்வளவு என்பதைவிட, இடையில் ஒரு ஃபிரேம்கூடத் தாமதமாகாமல் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் வைஃபையில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்கு (இன்டர்நெட் கம்பெனி கொடுத்த வைஃபை பெட்டிக்கு) ஒருமுறை, மோடத்திலிருந்து ஹெட்செட்டுக்கு இன்னொரு முறை என்று ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே சேனலில் (வைஃபை அலைவரிசையில்) இரண்டு தடவை காற்றில் போகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். வீட்டில் உள்ள போன்கள், டிவி, கேமரா எல்லாம் அதே வரிசையில் காத்திருக்கின்றன. முதல் வேலையாக, கம்ப்யூட்டரையும் மோடத்தையும் ஒரு லேன் கேபிளால் இணையுங்கள். ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2.4-ல் இந்த வேலை நடக்காது. பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால்தான் தனி ரூட்டர் வாங்க வேண்டும்.

தனி ரூட்டர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். கடையில் ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000 என்று காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? (பாலக்கோடு)

பெட்டியில் உள்ள அந்த எண் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டுகளின் வேகத்தையும் கூட்டிப் போட்டது. ஏஎக்ஸ்1500 என்றால் 2.4-ல் 300, 5-ல் 1201. ஏஎக்ஸ்1800 என்றால் 574, 1201. இரண்டிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி ஒன்றுதான். ஹெட்செட்டுக்குப் பயன்படுவது அந்தப் பகுதி மட்டுமே. ஏஎக்ஸ்3000-ல் 2402 வரும், ஆனால் அது 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில். குவெஸ்ட் 2-க்கு 80 மெகாஹெர்ட்ஸில் 1200 கிடைத்தாலே தாராளம். ஏர் லிங்க்கின் உச்சமே 200 எம்பிபிஎஸ்தான்.

எண்ணைவிட முக்கியமானது பின்பக்கத்தில் இருக்கிறது. லேன் போர்ட்டுகள் கிகாபிட்தானா (1000 எம்பிபிஎஸ்) என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். பெட்டியில் நீங்களே படித்துப் பாருங்கள். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் வைஃபை வேகமாக இருக்கும், ஆனால் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. கம்ப்யூட்டர் அந்தப் போர்ட் வழியாகத்தான் பேச வேண்டும், எனவே மற்ற வேகம் எல்லாம் பயனற்றுப் போகும். கேமிங் ரூட்டர் என்று சிவப்பு விளக்கும் எட்டு ஆண்டெனாவுமாக விற்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கவும் தேவையில்லை.

வாங்கி வந்ததும் செட்டிங்ஸில் இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் சேர்க்கும் ஸ்மார்ட் கனெக்ட்டை அணைத்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை ஹெட்செட்டைத் தவிர வேறு எதற்கும் கொடுக்காதீர்கள், வீட்டில் யார் கேட்டாலும்.

எங்களுடையது கிருஷ்ணகிரியில் பழைய கருங்கல் வீடு. மோடம் கீழே, நான் விளையாடுவது மொட்டை மாடி அறையில். ரிப்பீட்டர் போட்டால் போதுமா?

ரிப்பீட்டர் வேண்டவே வேண்டாம். வாங்குகிற சிக்னலையே அது திருப்பிச் சொல்கிறது. தாமதம் கூடத்தான் செய்யும். கருங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் பாதி உயிரை விட்டுவிடும். ரூட்டரும் நீங்களும் ஒரே அறையில், ஒருவரையொருவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். தரையில் வைக்காமல் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு அலமாரியில் வையுங்கள்.

கம்ப்யூட்டரும் மாடியில் இருந்தால் வேலை சுலபம். இரண்டையும் ஒரு சிறு கேபிளால் இணைத்துவிடலாம். கீழே இருந்தால், அங்கிருந்து மாடிக்கு ஒரு கேபிள் இழுக்க வேண்டும். 100 மீட்டர் வரை லேன் கேபிள் தாங்கும் என்பதால் தூரம் ஒரு கவலையில்லை. கவலை கேபிளின் தரம். நம் ஊரில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் சிசிடிவி மாட்டுகிறவர்கள். கேமராவுக்கு நான்கு கம்பி போதும் என்பதால் பழக்கத்தில் நான்கை மட்டும் கேபிள் முனையில் பொருத்தி (கிரிம்ப் செய்து) விட்டுப் போவார்கள். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நான்கு மட்டும் இருந்தால் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். கேட் 6 கேபிள், அதுவும் முழுச் செம்பு, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது இல்லை, என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் விண்டோஸில் லிங்க் ஸ்பீடு 1000 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலி கொடுங்கள்.

மாடி அறை என்பதால் இன்னொன்று. விளையாடி முடித்ததும் ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் நேராக விழுந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவதுபோல் உள்ளே இருக்கும் திரை கருகிவிடும். அதைச் சரிசெய்யவே முடியாது.

புது ரூட்டரை மோடத்தோடு இணைத்தேன். ஹெட்செட்டை அதில் போட்டேன். ஆனால் ஹெட்செட்டில் கம்ப்யூட்டர் தெரியவே இல்லை, சார். (பர்கூர்)

கம்ப்யூட்டர் இன்னும் பழைய மோடத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். புது ரூட்டர் தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டது. ஹெட்செட் ஒன்றில், கம்ப்யூட்டர் மற்றதில். கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றிப் புது ரூட்டரின் லேன் போர்ட்டில் போடுங்கள். மோடத்திலிருந்து வரும் கேபிள் புது ரூட்டரின் வான் போர்ட்டில் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்) இருக்கட்டும். இன்டர்நெட்டும் வரும், விஆரும் ஓடும்.

அப்புறமும் இன்டர்நெட் வரவில்லை என்றால் இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருக்கக்கூடும். புதியதை 192.168.50.1 என்று மாற்றுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடலாம். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். பிரிண்டர், டிவி எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும். அப்போதும் கம்ப்யூட்டர் கேபிள் புது ரூட்டரில் இருந்தால், விஆர் படம் மோடம் வரை போகாமல் புது ரூட்டருக்குள்ளேயே திரும்பிவிடும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

விண்டோஸில் அந்த நெட்வொர்க் பிரைவேட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் ஃபயர்வால் தடுக்கலாம்.

ஓசூரில் சின்னதாக ஒரு விஆர் கேம் சென்டர் தொடங்குகிறோம். நான்கு கம்ப்யூட்டர், நான்கு ஹெட்செட். ஒரு நல்ல ரூட்டர் போதுமா? (ஓசூர்)

போதாது. ஒரு ஹெட்செட்டுக்கு 150 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் நான்குக்கு 600. பெட்டியில் 1201 என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் கிடைப்பது அதைவிட நன்றாகக் குறைவு. அதோடு நான்கும் ஒரே சேனலில் முறை வைத்துப் பேச வேண்டும். ஒன்று தடுமாறினால் மற்ற மூன்றும் பாதிக்கும். காசு கொடுத்து வந்த வாடிக்கையாளர் வாந்தி எடுத்துவிட்டுப் போனால் மறுபடி வர மாட்டார்.

இரண்டு ரூட்டர் போடுங்கள், இரண்டையும் ஆக்சஸ் பாயின்ட் மோடில். ஒன்று 36 முதல் 48 வரையிலான சேனல்களில், மற்றது 149 முதல் 161 வரையிலானவற்றில். இரண்டும் 80 மெகாஹெர்ட்ஸ், ஒன்றோடு ஒன்று மோதாது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஹெட்செட். சேனலை ஆட்டோவில் விடாமல் நீங்களே பூட்டிவிடுங்கள். நடுவில் 52 முதல் 64 வரையும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. ரூட்டர் முதலில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும், ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் விளையாட்டின் நடுவே சேனலை விட்டு ஓடிவிடும். 160 மெகாஹெர்ட்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். 36-ல் தொடங்கினாலும் அது 64 வரை நீண்டுவிடும்.

முடிவு செய்யும் முன், போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு அக்கம்பக்கம் எப்படி என்று பாருங்கள், அதுவும் கூட்டம் அதிகமான மாலை நேரத்தில். மொட்டை மாடிகளில் தட்டு மாதிரி ஆண்டெனா வைத்து இன்டர்நெட் கொடுப்பவர்கள் 5.8 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துவது உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் அப்படி ஒன்று இருந்தால் 149-ல் இரைச்சல் அதிகமாக இருக்கலாம். அனலைசர் ஆப்புக்கு அது தெரியாமலும் போகலாம், ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியானால் இரண்டு ரூட்டரையும் கீழ்ப் பகுதியிலேயே 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 36-லும் 44-லும் பிரித்துப் போட்டு, பிட்ரேட்டை (ஹெட்செட்டுக்கு விநாடிக்கு அனுப்பும் படத் தகவலின் அளவை) 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் திக்காது.

நான்கு கம்ப்யூட்டரும் இரண்டு ரூட்டரும் ஒரே கிகாபிட் சுவிட்ச்சில் (பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டியில்) சேரட்டும். வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்க விரும்பினால் மோடத்தின் 2.4-ஐக் கொடுங்கள்.

குவெஸ்ட் 3 வைத்திருக்கிறேன். 6 கிகாஹெர்ட்ஸ் ரூட்டருக்குக் காத்திருக்கலாமா? (ஊத்தங்கரை)

காத்திருக்க வேண்டாம். 6 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும் வைஃபை 6இ-யை குவெஸ்ட் 3 ஏற்கும், உண்மைதான். நம் நாட்டில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த விடும் வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளிவந்தன. வாங்குவதாக இருந்தால், இந்தியாவில் விற்கும் மாடலில் 6 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி நாட்டின் பெயரை மாற்றி ஓட்டாதீர்கள். ஒரே அறையில், பக்கத்தில் நெரிசல் இல்லாத இடத்தில், 5 கிகாஹெர்ட்ஸே நன்றாக வேலை செய்யும்.

எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்வெர்ட்டர் இருந்தும் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. (அரூர்)

இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தைச் சில ரூட்டர்கள் தாங்குவதில்லை. ரூட்டருக்கென்று மினி யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்த வேண்டும். கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ் இல்லையென்றால் ரூட்டரை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

நீங்கள் சொல்கிற எல்லாம் செய்துவிட்டேன். தனி ரூட்டர், கிகாபிட் கேபிள், ஒரே அறை. இன்னும் திக்குகிறது. (காரிமங்கலம்)

அப்படியானால் குற்றம் ரூட்டர் மேல் இல்லாமலும் இருக்கலாம். ஏர் லிங்க்குக்குப் பதிலாகப் பயன்படுத்தும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆப்பில் விளையாடும்போதே அளவுகளைக் காட்டும் வசதி உண்டு. கேம், என்கோடிங் (கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்குவது), நெட்வொர்க்கிங், டிகோடிங் (ஹெட்செட் அதை விரிப்பது) என்று தாமதத்தை நான்காகப் பிரித்துக் காட்டும். நெட்வொர்க்கிங் எண் ஏறி இறங்கினால் வைஃபையைப் பாருங்கள். கேம் எண் ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. கேமின் தரத்தைக் குறையுங்கள், அல்லது 90-லிருந்து 72 ஹெர்ட்ஸுக்கு வாருங்கள். டிகோடிங் ஏறினால் பிட்ரேட்டை ஹெட்செட் தாங்கும் அளவுக்கு மேல் வைத்திருக்கிறீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டித்தான் விளையாடுகிறீர்களா என்றும் பாருங்கள். பேட்டரியில் கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடாது. உங்கள் கடிதத்தில் கார்டின் பெயரும் இல்லை, இந்த நான்கு எண்களும் இல்லை. அவற்றைக் குறித்து அனுப்புங்கள், அடுத்த முறை அதிலிருந்தே பார்ப்போம்.